காத்திருப்பு அறையில் கிரில்

முதலில் கிரிலைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் வாரியத்தின் மேல் வீண்பழி போட்டதாக ஆகிவிடும். கிரில் என்பது குளிர்ந்த கடலில் கூட்டம் கூட்டமாகத் திரிகிற, சுண்டுவிரல் நீளமே உள்ள சிவப்புப் பிராணி. பார்த்தால் இறாலுக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று சொல்லலாம். திமிங்கிலங்கள் அதை எந்த விண்ணப்பமும் போடாமல் வாய் வாயாக விழுங்குகின்றன. மனிதர்களுக்குத்தான் ஒரு சிக்கல். கடலில் இருக்கிற, அளவு மிஞ்சினால் பல்லையும் எலும்பையும் கெடுக்கிற ஃபுளோரைடை எல்லாம் அது சேர்த்துத் தன் ஓட்டில் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறது. பிராணி உயிரோடு இருக்கிறவரை ஃபுளோரைடு ஓட்டோடு நிற்கும். செத்த பிறகு ஓட்டைக் கழற்றாமல் உருகவிட்டால், ஓட்டிலிருந்து இறங்கிச் சதைக்குள் குடிபுகுந்துவிடும். அதற்கு அரைநாள் போதும். ஆகவே கிரிலை மனிதன் தின்ன வேண்டுமென்றால் சட்டுப்புட்டென்று ஓட்டைக் கழற்றிவிட வேண்டும். இது துறைமுகத்துப் பூனைகளுக்குக்கூடத் தெரிந்த விஷயம்.

துறைமுகத்தின் பின்சந்தில், வலைக்கடைக்கும் ஐஸ் கிடங்குக்கும் நடுவே ஓர் உரிப்புக்கூடம் இருந்தது. நடத்தியவர்கள் இரண்டு ஓரகத்திகள். மூத்தவள் அண்ணனைக் கட்டியவள், இளையவள் தம்பியைக் கட்டியவள். அண்ணனும் தம்பியும் ஒரே கப்பலில் வருஷத்துக்கு ஏழு மாதம் கிரில் பிடிக்கப் போய்விடுவார்கள். அவர்கள் உறையவைத்துக் கொண்டுவரும் கட்டிகளைக் கூடத்தில் ஒன்பது பெண்கள் உரிப்பார்கள். ரப்பர் உருளைகள் இரண்டு எதிரெதிராகச் சுற்றும். ஓடு ஒரு பக்கம் விழும், சதை ஒரு பக்கம் விழும். சதையை உடனே பனித்தண்ணீரில் மூன்று தரம் அலசி, மறுபடி உறையவைத்துவிடுவார்கள். கட்டியை உடைத்ததிலிருந்து உறையவைப்பது வரை கால்மணி நேரம். அதற்கு மேல் ஒரு நிமிஷம் ஆனாலும் மூத்தவள் அந்தத் தட்டைக் கோழித்தீவனத்துக்கு ஒதுக்கிவிடுவாள். பன்னிரண்டு வருஷமாக அப்படித்தான். பனித்தண்ணீரில் ஊறி ஊறி அவள் விரல்நுனிகளில் ரேகையே பாதி அழிந்துபோயிருந்தது.

மூத்தவள் வேலையில் புலி, காகிதத்தில் எலி. அரசாங்க உறை வந்தால் பிரிப்பதற்கு முன்னாலேயே தப்பு தன் மேல்தான் என்று முடிவு கட்டிவிடுவாள். இளையவள் அப்படியல்ல. அவள் வாய்க்குப் பயந்து ஐஸ் கிடங்குக்காரனே ஐஸ் கொஞ்சம் கூடுதலாகப் போட்டு அனுப்புவான்.

அந்த வருஷம் ஓர் உறை வந்தது. இனிமேல் 'கடலுணவு ஃபுளோரைடு அளவீட்டு வாரியம்' தருகிற சான்று இல்லாமல் கிரிலை உணவாக விற்கக் கூடாது. கப்பல் கரை சேரும் நாளுக்குள் சான்று இல்லையென்றால் சரக்கு உரத் தொழிற்சாலைக்குப் போகும், கூடத்துக்குப் பூட்டு விழும். கப்பல் வர இருபது நாள் இருந்தது.

"சதையைக் குடுத்தா அளந்து சொல்லப் போறாங்க. இதுக்கு ஏன்க்கா மூஞ்சி இப்படிப் போகுது?" என்றாள் இளையவள்.

மூத்தவளுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. போன பருவத்தில் உரித்து உறையவைத்திருந்ததில் ஒரு பொட்டலத்தை எடுத்து ஐஸ் பெட்டியில் வைத்துக்கொண்டு இருவரும் வாரியத்துக்குப் போனார்கள்.

வாரியம் மூன்று மாடிக் கட்டடம். நுழைந்ததும் சுவரில் ஒரு கிரில் படம், கதவளவுக்கு. ஒவ்வொரு காலுக்கும் எண் போட்டிருந்தது. அதன் கீழே, 'அமைதி. அளவீடு நடைபெறுகிறது' என்று ஒரு பலகை. மாதிரிகளை வாங்கிக்கொள்ளும் எழுத்தர் மேஜையில் அரக்கும் மெழுகுவர்த்தியும் பித்தளை முத்திரையும் இருந்தன. துறைமுகத்தில் அவருக்கு 'முத்திரை' என்றே பெயர். தன் சாப்பாட்டு டப்பாவுக்குக்கூட அரக்கு வைத்துத்தான் அலமாரியில் வைப்பார் என்று பேச்சு.

முத்திரை பொட்டலத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"இது என்னம்மா?"

"கிரில் சார். உரிச்சது. நாங்க விக்கிறது இதைத்தான்."

"ஓடு எங்க?"

"உரிச்சுட்டோமே சார்."

"தலை?"

"அதுவும் போயிருச்சு சார்."

"கண்ணு, மீசை, காலு?"

"அதெல்லாம் இருந்தா யார் சார் வாயில வைப்பாங்க?"

அவர் ஏழாம் படிவத்தை எடுத்து வாசித்தார். "'கிரில் என்பது ஓடு, தலை, கண்கள், மீசை, கால்கள் ஆகியவை குறைவின்றி அமைந்த கடல்வாழ் உயிரி.' இதுல எதும்மா நீங்க கொண்டாந்ததுல இருக்கு? ஒண்ணுமே இல்ல. சட்டப்படி இந்தப் பொட்டலத்துல இருக்கிறது கிரிலே இல்ல. கிரில் இல்லாததை அளந்து குடுத்தேன்னு வைங்க, நாளைக்கு ஆளாளுக்குக் கத்திரிக்காயைத் தூக்கிட்டு வந்து நிப்பாங்க."

"சார், சனங்க திங்கப் போறது இந்தச் சதையை. ஓட்டையா திங்கப் போறாங்க?" என்றாள் இளையவள்.

"திங்கிறது அவங்க பாடு. விக்கிறது உங்க பாடு. அளக்கிறது எங்க பாடு. ஓட்டோட கொண்டாங்க. நேரம் வரும்போது வாரியமே உரிச்சுக்கும். அதுக்குன்னு குழு போட்டிருக்கு."

மறுநாள் மூத்தவள் ஐஸ் கிடங்கில் உரிக்காமல் மிச்சமிருந்த ஒரு கட்டியை ஓட்டோடு கொண்டுபோனாள். முத்திரை பெட்டியைத் திறந்ததும் முகம் சுளித்தார். "ஐஸ் எதுக்கு? மாதிரியோட வேற பொருள் கலக்கக் கூடாது." ஐஸ் முழுவதும் கைகழுவும் தொட்டியில் கொட்டப்பட்டது. கட்டியை ஒரு தகரப் பெட்டியில் போட்டு, நாலு மூலையிலும் அரக்கு வைத்து, முப்பத்தேழு என்று எண் எழுதி, காத்திருப்பு அறையின் ஜன்னலோர அலமாரியில் வைத்தார். ஜன்னலில் வெயில் நன்றாக அடித்தது.

"இங்கயா சார் இருக்கணும்? எத்தனை நாளைக்கு?"

"பதினோரு நாள். யாருக்கும் சலுகை கிடையாது. வந்த உடனே அளந்துட்டா மத்தவங்க என்ன நினைப்பாங்க?"

"மத்தவங்கன்னா யாரு சார்? அலமாரியில வேற பெட்டியே இல்லையே."

"வரலாம் இல்லையா?"

காகிதத்துக்குப் பயந்தாலும் தொழில் விஷயத்தில் மூத்தவளால் சும்மா இருக்க முடியாது. "சார், உருகிட்டா ஓட்டுல இருக்கிற ஃபுளோரைடு சதைக்குள்ள இறங்கிரும் சார்."

"எப்படிம்மா இறங்கும்? நாலு மூலையிலயும் அரக்கு வச்சிருக்கேன். என் முத்திரையைத் தாண்டி இதுவரைக்கும் ஒண்ணும் வெளியில போனதில்ல."

"வெளியில போகாது சார். உள்ளுக்குள்ளயே தான்..."

"உள்ளுக்குள்ள எங்க வேணா போய்க்கட்டும். உள்விவகாரத்துல வாரியம் தலையிடாது."

அன்றிலிருந்து மூத்தவள் தினமும் காலையில் கூடத்தைப் பெருக்கிவிட்டு வாரியத்துக்குப் போய்ப் பெட்டியைப் பார்த்துவிட்டு வந்தாள். ஆஸ்பத்திரியில் கிடக்கிற சொந்தக்காரரைப் பார்ப்பதுபோல வாசலில் நின்று பார்ப்பாள், பெருமூச்சு விடுவாள், திரும்புவாள். மூன்றாம் நாள் பெட்டிக்குக் கீழே சிவப்பாகத் தண்ணீர் கசிந்தது. முத்திரை அந்த இடத்துக்கும் அரக்கு வைத்தார். ஐந்தாம் நாள் நாற்றம் ஆரம்பித்தது. ஏழாம் நாள் அவர் மூக்கில் கைக்குட்டை கட்டியிருந்தார்.

"நாறுது சார்," என்றாள் மூத்தவள் பரிதாபமாக.

"நாத்தத்துக்கு வேற வாரியம். நாலாவது தெருவுல இருக்கு. அங்க மனு குடுத்தா அவங்க இங்க வந்து இந்தப் பெட்டியை எடுத்துட்டுப் போய் அங்க காக்க வைப்பாங்க. வேணுமா?"

வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தாள்.

பன்னிரண்டாம் நாள் உரிப்புக் குழு கூடியது. மூன்று பேர், வெள்ளைக் கையுறை, வெள்ளைத் தொப்பி. ஒருவர் உரிப்பார், ஒருவர் பார்ப்பார், ஒருவர் எழுதுவார். மாதிரிக்குச் சொந்தக்காரி என்ற முறையில் மூத்தவளுக்குக் கண்ணாடிக்கு வெளியே ஒரு முக்காலி போட்டிருந்தார்கள். பெட்டியைத் திறந்ததும் குழுவில் மூத்த உறுப்பினர் ஒரு கிரிலை இடுக்கியால் தூக்கிப் பார்த்துத் திகைத்துப்போனார். ஆறு வருஷமாக அவர் அந்தக் குழுவில் இருக்கிறார். அதுவரை பார்க்கும் வேலை, எழுதும் வேலை என்றே போய்விட்டதாம். கையில் எடுத்தது அதுவே முதல் தடவை.

"இவ்வளவு சின்னதாவா இருக்கும்?" என்றார். "வாசல்ல மாட்டியிருக்கிற படத்துல கதவளவு இருக்கே. இதுல ஏதோ தில்லுமுல்லு இருக்கு. அந்தம்மாவைக் கூப்பிடுங்க."

மூத்தவளைக் கூப்பிட்டு, கிரில் ஏன் சிறுத்துப்போனது என்று கேட்டார்கள். பிறவியிலேயே அப்படித்தான் என்று அவள் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். பிறகு உரிக்க ஆரம்பித்தார்கள். ஒவ்வொரு கிரிலுக்கும் தலை ஒன்று, கண் இரண்டு, மீசை, கால் என்று தனித்தனியாகப் பதிவு. கொழகொழவென்று கூழாகிப்போயிருந்த பிராணியிடம் கால் கணக்குக் கேட்டால் அது எங்கே போகும்? பதினேழாவது கிரிலில் ஒரு கால் குறைந்தது. வேலை நின்றது. மேஜைக்கு அடியில் மூவரும் தவழ்ந்து தேடினார்கள். முக்கால் மணி நேரம் கழித்துக் கால் எழுதுகிறவரின் சட்டைக்கையில் ஒட்டியிருந்தது கண்டுபிடிக்கப்பட்டது. அது பதினேழாவதின் காலா, பதினாறாவதின் காலா என்று அடுத்த விவாதம் தொடங்கியது.

"ஐயா, குடுங்க, நான் ரெண்டு நிமிஷத்துல மொத்தத்தையும் உரிச்சுத் தந்துர்றேன்," என்று கண்ணாடிக்கு வெளியிலிருந்து கெஞ்சினாள் மூத்தவள்.

"தெரிஞ்சவங்க உரிச்சா அது சான்றாகாதும்மா," என்றார் பார்க்கிறவர். "பாரபட்சம் வந்துரும்."

காலையில் ஆரம்பித்தவர்கள் சாயங்காலம் நாற்பது கிரிலை உரித்து முடித்துவிட்டு, ஒருவரையொருவர் பாராட்டிக் கை குலுக்கிக்கொண்டார்கள்.

அளக்கிற அறை நடைபாதையின் கடைசியில், துடைப்பங்கள் வைக்கிற இடத்துக்கு அடுத்து இருந்தது. மூன்று மாடிக் கட்டடத்தில் அளக்கத் தெரிந்தவர் ஒரே ஒருவர்தான். ஒல்லியான, தூக்கமில்லாத மனிதர். அளவைக்காரர் என்பார்கள். ஃபுளோரைடை அமிலத்தில் கரைத்துக் கண்ணாடியில் ஊற்றினால் அது கண்ணாடியையே அரித்துக் கணக்கைக் கெடுத்துவிடும், பிளாஸ்டிக்தான் வேண்டும் என்று அவர் எழுதிக் கேட்டு மூன்று வருஷம் ஆகிறது. வாரியம் கண்ணாடிக் குடுவைகளாகவே வாங்கித் தந்துகொண்டிருந்தது, கண்ணாடிதான் பார்க்க மரியாதையாக இருக்கும் என்று. அவர் தன் வீட்டிலிருந்து ஒரு நீல பிளாஸ்டிக் டம்ளரைக் கொண்டுவந்து காரியத்தை நடத்தினார். சதையை அரைத்து, அமிலத்தில் கரைத்து, வடிகட்டி, டம்ளரில் ஊற்றி, பேனா மாதிரி இருந்த ஒரு குச்சியை அதில் முக்கினார். கருவியில் எண்கள் ஏறி ஏறி நின்றன.

நானூற்றுப் பன்னிரண்டு. அனுமதித்த எல்லை நூறு.

மூத்தவளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் அவமானமாக இருந்தது. கை விறைக்க விறைக்க அலசிய சதை. பன்னிரண்டு வருஷத்தில் ஒரு குழந்தைக்குக்கூட வயிற்றுவலி என்று யாரும் வந்து நின்றதில்லை. அதை விஷம் என்று ஒரு கருவி சொல்கிறது. அவள் அங்கேயே, துடைப்பங்களுக்குப் பக்கத்தில் நின்று அழுதாள்.

அளவைக்காரர் டம்ளரைக் கழுவிக்கொண்டே சொன்னார். "அழாதீங்கம்மா. பதினோரு நாள் ஓட்டோட வெயில்ல கிடந்தா எந்தக் கிரிலும் இப்படித்தான் காட்டும். உரிச்ச சதையை அப்படியே குடுத்திருந்தீங்கன்னா பத்து, பதினஞ்சுதான் இருக்கும்."

"அப்ப அதை எழுதுங்க சார்!"

"எழுதுற எடத்துல ஒரே ஒரு கட்டம்தாம்மா இருக்கு. எண்ணுக்கு மட்டும்தான் எடம். காரணத்துக்கு எடம் விடல."

அன்று கப்பலிலிருந்து அவள் வீட்டுக்காரர் பேசினார். இரைச்சலுக்கு நடுவே குரல் விட்டு விட்டுக் கேட்டது. "ஏம்மா, சான்று வாங்கியாச்சா? இன்னும் எட்டு நாள்ல கரையைத் தொட்டுருவோம். எண்ணூறு பெட்டி இருக்கு. இந்தத் தடவை நல்ல சரக்கு."

"ஆயிடும்ங்க," என்றாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவரிடம் அவள் சொன்ன முதல் பொய் அது.

மேல்முறையீட்டுக்கு ஐந்து நாள் கழித்துத் தேதி கிடைத்தது. முறையீட்டை வாரியத் தலைவரே கேட்பார். இருவரும் போனார்கள். இளையவள் தோளில் ஐஸ் பெட்டி தொங்கியது. அதில் அதே உரித்த பொட்டலம், கல்லாக உறைந்து.

"அதை எதுக்குடி தூக்கிட்டு வர்றே?"

"பேச்சுல தீரலைன்னா தூக்கி எறிய ஏதாவது வேணும்லக்கா," என்றாள் இளையவள்.

அன்று பார்த்து வாரியம் தடபுடலாக இருந்தது. படிக்கட்டில் கம்பளம், மாடியில் பூச்சாடி. மேலிடத்திலிருந்து ஓர் ஆய்வுக் குழு வந்திருந்தது. இந்த வாரியம் தேவைதானா, இல்லை இழுத்து மூடிவிடலாமா என்று பார்க்க வந்தவர்கள். பொதுமக்களோடு வாரியம் எவ்வளவு நெருக்கமாகப் பழகுகிறது என்று காட்டுவதற்காக, தலைவர் இந்த முறையீட்டை அவர்கள் கண்ணெதிரிலேயே விசாரிப்பதாக ஏற்பாடு. ஆய்வுக் குழுவின் தலைவி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டுப் பார்க்கிற பெண்மணி.

தலைவர் கனத்த ஆள், குரல் அதைவிடக் கனம். எழுந்து பேசினார்.

"பெரியோர்களே, இந்த வாரியம் எவ்வளவு கண்டிப்பானதுன்னு ஒரே வார்த்தையில சொல்றேன். இதுவரைக்கும் முப்பத்தேழு மாதிரி வந்துச்சு. முப்பத்தேழும் தோத்துது. ஒண்ணைக்கூட நாங்க தேற விடல! ஆரம்பத்துல ஒரு வாரத்துல அளந்துக்கிட்டு இருந்தோம். அப்ப இருநூறு, இருநூத்தம்பதுதான் காட்டிச்சு. அவசரப்படக் கூடாதுன்னு பதினோரு நாளாக்கினோம். உடனே நானூறைத் தாண்டிருச்சு. அப்படின்னா என்ன அர்த்தம்? முன்னாடி எங்க கண்ணுக்குத் தப்பின ஃபுளோரைடை எல்லாம் இப்ப பிடிக்கிறோம்னு அர்த்தம்! இன்னும் ஆள் குடுங்க, இன்னொரு மாடி குடுங்க, இருபது நாள் காக்க வச்சு அறுநூறைக் காட்டுறேன்!"

முத்திரை கைதட்டினார். உரிப்புக் குழு கைதட்டியது, கையுறையோடு.

மூத்தவள் எழுந்து நின்றாள். "ஐயா, ஓட்டோட வச்சிருந்ததாலதான் ஐயா சதைக்குள்ள இறங்கிச்சு. காக்க வைக்காம இருந்தா..."

"அம்மா, எங்க காத்திருப்பு அறையில இதுவரைக்கும் எத்தனையோ மாதிரி காத்திருந்துச்சு. ஒண்ணுகூட குறை சொன்னதில்ல. உங்களோடது மட்டும் சொல்லுதா?"

ஆய்வுக் குழுவின் தலைவி கண்ணாடியைச் சரிசெய்தார். "அதெல்லாம் இருக்கட்டும். அந்தக் கருவி வேலை செய்யுதா? ஒரு தடவை எங்க முன்னாடி அளந்து காட்டுங்க."

தலைவர் முத்திரையைப் பார்த்தார். முத்திரை அலமாரியைப் பார்த்தார். அலமாரி காலி. முப்பத்தேழாவது மாதிரியைப் போன வாரமே புதைத்துவிட்டார்கள். அளவீட்டு வாரியத்தில் அளக்க ஒன்றுமில்லை.

"என்கிட்ட இருக்கு," என்று இளையவள் ஐஸ் பெட்டியைத் திறந்தாள்.

முத்திரை தலைவரின் காதருகே குனிந்தார். "ஐயா, ஏழாம் படிவப்படி அது கிரில் இல்லைங்க..."

"மூடிட்டு வாங்குய்யா அதை," என்றார் தலைவர் பல்லிடுக்கில்.

இன்னொரு சிக்கல் இருந்தது. வாரியத்தில் ஒரு கூடத்துக்கு ஒரு பருவத்துக்கு ஒரே எண்தான். புது எண் போட ஒரு மாதம் ஆகும். அந்த அவதியிலும் முத்திரை நடைமுறையைக் கைவிடவில்லை. உரித்த பொட்டலத்தின் மேலும் முப்பத்தேழு என்றே எழுதி, ஒரு சொட்டு அரக்கு வைத்து, அளவைக்காரரிடம் நீட்டினார்.

அளவைக்காரர் நீல டம்ளரோடு வந்தார். அரைத்தார், கரைத்தார், வடிகட்டினார், குச்சியை முக்கினார். எண்கள் கொஞ்சம் ஏறி, நின்றுவிட்டன.

"பதினொண்ணு," என்றார்.

மூத்தவள் கருவியை எட்டிப் பார்த்தாள். பதினொண்ணு. எல்லார் முன்னாலும். இதற்கு மேல் யார் என்ன சொல்ல முடியும்?

ஆய்வுக் குழுவின் தலைவி பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் புரட்டினார். "முப்பத்தேழாம் எண். போன வாரம் நானூத்துப் பன்னிரண்டு. இன்னைக்குப் பதினொண்ணு. எண்ணும் ஒண்ணு, மாதிரியும் ஒண்ணு. நடுவுல என்ன நடந்துச்சு?"

"அது வேற பொட்டலம்மா. இது நாங்க உடனே..." என்று மூத்தவள் வாயைத் திறந்தாள்.

ஆனால் தலைவர் முந்திக்கொண்டார். அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம் வந்திருந்தது. "நடுவுல நடந்தது எங்க நடைமுறை!" என்று முழங்கினார். "உலகம் முழுக்க ஃபுளோரைடை எப்படி நீக்குறதுன்னு மண்டையைப் பிச்சுக்கிட்டு இருக்காங்க. நாங்க பதினோரு நாள் காக்க வச்சோம். முத்திரை போட்டோம். ஒரு கால் விடாம எண்ணினோம். பதிவேடு முன்னாடியே இருக்கு, பாத்துக்கங்க. நானூத்துப் பன்னிரண்டு போட்டது பதினொண்ணா இறங்கியிருக்கு! இதுவரைக்கும் நாங்க அளக்கிற வாரியம்னு நினைச்சுக்கிட்டு இருந்தோம். பெரியோர்களே, நாங்க நீக்குற வாரியம்!"

ஆய்வுக் குழு எழுந்து நின்று கைதட்டியது. அளவைக்காரர் மட்டும் டம்ளரை எடுத்துக்கொண்டு மெல்ல நழுவினார்.

கப்பல் வருவதற்கு முந்தின நாள் சான்று கூடத்துக்கே வந்தது. தடித்த தாள், பொன்னிற ஓரம், மூன்று முத்திரை. ஒன்பது பெண்களும் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு சுற்றி நின்றார்கள். இளையவள் சத்தமாக வாசித்தாள். கூடத்தின் சரக்கு உண்ணத்தக்கது. அளவு பதினொன்று. பெண்கள் ஆரவாரம் செய்தார்கள். பின்பக்கத்தில் இன்னும் கொஞ்சம் எழுதியிருந்தது. அதையும் வாசித்தாள்.

"'மேற்படி அளவு வாரியத்தின் நீக்கல் நடைமுறையால் கிட்டியதாகையால், இனி வரும் சரக்குப் பெட்டிகள் அனைத்தும் பதினோரு நாட்கள் வாரியக் காத்திருப்பு அறையில் வைக்கப்பட்டு, எடை பார்த்து, முத்திரை பெற்ற பின்னரே விற்பனைக்குரியவை. சாதாரண வெப்பநிலையில். ஐஸ் கூடாது.'"

பெண்கள் காகிதத்தை எட்டிப் பார்த்தார்கள்.

"எண்ணூறு பெட்டியுமா?" என்றாள் ஒருத்தி.

"மேலிடத்துல பக்கத்துக் கட்டடத்தையும் எழுதிக் குடுத்துட்டாங்களாம், காத்திருப்பு அறைக்குன்னு," என்றாள் இளையவள். காகிதத்தைக் கசக்கப் போனாள். "நான் போய் அந்தாளு மண்டையைப் பிளக்கிறேன்க்கா. இன்னைக்கு ரெண்டுல ஒண்ணு."

மூத்தவள் காகிதத்தை அவள் கையிலிருந்து வாங்கினாள். இரண்டு தரம் வாசித்தாள். மூன்றாம் தரமும் வாசித்தாள். இந்த இருபது நாளில் அவள் வாழ்நாளில் படிக்காத அளவுக்குப் படிவம் படித்திருந்தாள். அவளுக்குப் பயம் எங்கோ விட்டுப்போயிருந்தது. அது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

"இதுல பெட்டின்னுதானே போட்டிருக்கு," என்றாள் நிதானமாக. "பெட்டியைத் திறந்து பாக்கணும்னு எங்கயாவது இருக்கா?"

"இல்ல. திறக்கணும்னா உரிப்புக் குழு கூடணும். எண்ணூறு பெட்டிக்கும் அவங்க கூடி முடிக்கிறதுக்குள்ள மூணு பேரும் ஓய்வு வாங்கிருவாங்க," என்றாள் இளையவள்.

"அப்ப சரி. நாளைக்கு எல்லாரும் விடியறதுக்குள்ள வந்துருங்கடி. கட்டி இறங்க இறங்க உருளையில விட்டுரணும். சதையைப் பக்கத்து ஐஸ் கிடங்குல அடுக்குவோம். பதினோரு நாள் அது பாட்டுக்குக் கல்லு மாதிரி கிடக்கட்டும், ஒரு கேடும் வராது. உரிச்ச ஓட்டைப் பெட்டியில போட்டு ஆணி அடிச்சு வாரியத்துக்கு அனுப்புங்க. முத்திரை விழுந்து திரும்பினதும் சதையை அதுல மாத்திக்கலாம். ஃபுளோரைடு பூரா ஓட்டுலதானே இருக்கு? அவங்க அதை வச்சுக்கிட்டு நல்லா நீக்கட்டும்."

இளையவள் ஓரகத்தியை ஒரு நிமிஷம் ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு காகிதத்தை மடித்து, பத்திரமாக அலமாரியில் வைத்தாள்.

அப்படியே நடந்தது. கப்பல் வந்தது. நாலு நாள் இரவு பகலாக உருளைகள் சுற்றின. எண்ணூறு பெட்டியும் வாரியத்துக்குப் போய், இரண்டு கட்டடத்தில் வரிசையாகக் காத்திருந்தன. கடைசிப் பெட்டிக்கும் பதினோரு நாள் நிறைந்த காலையில் கூடத்தில் போன் அடித்தது. மூத்தவள் எடுத்தாள். முத்திரை. மூக்கில் கைக்குட்டையோடு பேசுகிறார் என்று குரலிலேயே தெரிந்தது.

"என்னம்மா இது? வரும்போது பெட்டி ஒண்ணு முப்பது கிலோன்னு நீங்க எழுதிக் குடுத்திருக்கீங்க. இப்ப தராசுல வச்சா ஒன்பது கிலோகூட நிக்கல."

கூடத்தில் ஒன்பது பெண்களும் வேலையை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார்கள். மூத்தவளின் ஈரக்கையில் போன் வழுக்கியது. கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

"பதினோரு நாள் உங்க வாரியத்துல காத்திருந்தா இளைக்காம என்ன சார் செய்யும்? நானே எவ்வளவு இளைச்சுட்டேன், பாத்தீங்கல்ல?"

அந்தப் பக்கம் பேனா மூடியைக் கழற்றுகிற சத்தம் கேட்டது.

"வாஸ்தவம்தான்," என்றார் முத்திரை. "'காத்திருப்பினால் இளைப்பு.' குறிப்புல போட்டுக்கிறேன். மத்த பெட்டியும் இதே அளவுக்குத்தான் இளைச்சிருக்குமா?"

"எல்லாம் ஒண்ணுபோலத்தான் சார் இளைச்சிருக்கும். நடைமுறை எல்லாத்துக்கும் ஒண்ணுதானே?"